ஒரு விரல் காற்று

மன்னார்குடி கடைத்தெருவில் செல்லதுரை வைத்திருந்தது மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வாசல் முழுக்கக் கிடக்கும். பாலிடெக்னிக்கில் படித்து டிப்ளமோ வாங்கியவனுக்கு இது ஒரு பிழைப்பா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுப் போட்டே முடி கொட்டியவர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவனும் அவர்களில் ஒருவன், அவ்வளவுதான். அந்த வருஷம் மின்வெட்டு வேறு. சாயங்காலம் கரண்டு போய்விட்டால் கடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் காரியஸ்தர் கோவிந்தராசு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கணக்கு முடிஞ்சுதா தம்பி?" என்றார்.

முடிந்திருந்தது. நாள்காட்டியில் கிழித்த தாளின் முதுகில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

கோவிந்தராசு காரியம் பார்ப்பது மங்களாம்பிகை அம்மாளுக்கு. மன்னார்குடிக்குக் கிழக்கே, செல்லதுரையின் சொந்த ஊரில், கண்ணுக்கு எட்டிய மட்டும் நஞ்சை அம்மாளுடையது. கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று. அம்மாள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, எடுத்த காரியத்தை விட்டுவிட்டதாகவும் யாரும் கேட்டதில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. உழுபவனுக்கே நிலம் என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதினார்கள், அம்மாள் வீட்டு மதிலிலும் எழுதினார்கள். அவர் அதை அழிக்கச் சொல்லவில்லை. தஞ்சாவூர் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். நெல் விளைகிற நிலமாக இல்லாமல் கோழிப்பண்ணையாகக் காட்டினால் வாதாடிப் பார்க்கலாம் என்று வக்கீல் சொன்னாராம். பார்க்கலாம் என்றால் அம்மாளுக்கு முடிந்தது என்று அர்த்தம். கொல்லையில் குஞ்சு பொரிக்கும் அறை ஒன்று எழும்ப ஆரம்பித்தது. தை மாதம் அதிகாரி வந்து பார்ப்பார். அதற்குள் அந்த அறையில் குஞ்சுகள் கத்த வேண்டும்.

அறைக்குப் பக்கத்தில் கிடந்த ஆறு மா நிலத்தைத்தான், ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, பண்ணைக்கென்று வளைக்கப் போகிறார்கள். அந்த ஆறு மாவைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர் வீரையன், செல்லதுரையின் அக்கா காத்தாயியின் புருஷன். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் கைதான் அந்த மண்ணில் பட்டிருக்கிறது. எல்லாம் வாய்வார்த்தைக் குத்தகை. விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து, குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லி மனுக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, வீரையனுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். அதிகாரி வந்து இங்கே பண்ணை நடக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால், வீரையன் என்று ஒரு குத்தகைக்காரர் இருந்ததாகவே ஆகாது.

இவ்வளவும் தெரிந்த செல்லதுரை எதற்காகக் கணக்குப் போட ஒத்துக்கொண்டான்? தான் மாட்டேன் என்றால் வேறொருவன் போடுவான் என்பது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். உள்ளதைச் சொன்னால், படிப்பு முடிந்தபிறகு அவனிடம் யாரும் ஒரு கணக்குக் கேட்டதே இல்லை. கேட்டதும் கை தானாகப் பென்சிலைத் தேடிவிட்டது. மனுஷனுக்கு இப்படியும் ஒரு பசி இருக்கிறது.

கணக்கு இதுதான். முட்டைக்குள் உயிர் தங்க வேண்டுமானால் அறை இரவும் பகலும் நூறு டிகிரியில் நிற்க வேண்டும், பாரன்ஹீட்டில். மார்கழி விடியலில் வெளியே எழுபதுக்கு இறங்கும். சுவரை இரட்டையாக எழுப்பி நடுவில் உமியைக் கொட்டச் சொல்லியிருந்தான். மேலே பலகை, அதற்கு மேலும் உமி. அதனால் சுவர் வழியே சூடு அதிகம் போகாது, சாயங்காலம் கரண்டு போகிற கொஞ்ச நேரத்தையும் அறை தாங்கிவிடும். போகிற வழி சன்னல்தான். அம்மாள் கேட்ட சன்னலோ ஜவுளிக்கடைக் கண்ணாடி மாதிரி ஆளுயரம். வருகிற அதிகாரி கதவைத் திறக்காமலே உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டுமாம். செல்லதுரை சன்னலின் நீளத்தை அகலத்தால் பெருக்கினான். அதை உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் பெருக்கினான். பிறகு கண்ணாடி எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்கிற எண்ணால் பெருக்கினான். ஒற்றைக் கண்ணாடி என்றால், இரண்டு நூறு வாட் பல்புகள் தருகிற சூட்டுக்கும் மேலே அந்தச் சன்னல் வழியாகவே சும்மா போய்க்கொண்டிருக்கும். இரண்டு கண்ணாடி போட்டு, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் காற்றை அடைத்துவிட்டால் அதில் பாதிதான் போகும். சூட்டைத் தடுப்பது இரண்டாவது கண்ணாடி அல்ல, நடுவில் அசையாமல் நிற்கிற காற்று. அறைக்கு இழுத்திருந்த லைன் தாங்கக்கூடிய பல்புகள் இரட்டைக் கண்ணாடிக்குப் போதும். ஒற்றைக்குப் போதவே போதாது.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். அதே விடைதான் வந்தது.

"ஒத்தக் கண்ணாடி போதும்ல?" என்று கோவிந்தராசு கேட்டார். "ரெட்டையா போடணும்னா அம்மா யோசிப்பாங்க."

அந்தக் கேள்வியில்தான் செல்லதுரைக்குப் புத்தி வந்தது, அல்லது போனது. ஒற்றைக் கண்ணாடி போட்டால் மார்கழிக் குளிரில் முட்டை அத்தனையும் கூழாகிவிடும். அதிகாரி வரும்போது வெறும் அறைதான் நிற்கும். ஆறு மா தப்பும்.

"போதுங்க," என்றான்.

அவர் போனபின் தாளைக் கசக்கி மோட்டார்களுக்கு நடுவே எறிந்தான். தெரிந்தே ஒரு கணக்குக்குத் தப்பான விடை சொன்னது அதுதான் முதல் தடவை. இருந்தாலும் அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டான்.

மார்கழி பிறந்தது. முட்டை அடுக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டான். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கெட்ட சேதிக்காகக் காத்திருந்தான். சேதி வரவில்லை. காத்தாயி வந்தாள்.

ஒரு காலை நேரம். கடைக்குள் நுழைந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் இரண்டும் சிவந்து இடுங்கியிருந்தன.

"என்னாக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தலவலி மாத்திர வாங்கலாம்னு வந்தேன். தூக்கமே இல்லடா. ராவெல்லாம் அடுப்புகிட்ட கெடக்கேன்."

"எந்த அடுப்பு?"

"குஞ்சு ரூம்புலதான். கரி அடுப்பு."

அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு விளங்கியது. முட்டை வைத்த மறுநாள் விடியலிலேயே அறையில் சூடு இறங்கிவிட்டது. அதற்காக அம்மாள் பதறவில்லை, பட்டணத்துக்கு ஆள் அனுப்பவில்லை. ஒரு குமுட்டி அடுப்பை உள்ளே வைத்துக் கரி போடச் சொன்னார். கரி அணையாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். குத்தகைக்கார வீட்டிலிருந்து கூப்பிட்ட நேரத்துக்கு ஓர் ஆள் போவது அந்த ஊரில் நேற்று முந்தாநாள் வந்த வழக்கம் அல்ல. அறுப்பு முடிகிற வரைக்கும் அம்மாளோடு வம்பு வேண்டாம் என்று வீரையன் சொல்லிவிட்டார். காத்தாயி போனாள்.

"சன்னல சாக்கு போட்டு மூடிப் பாத்தியா? பாதிச் சூடு அதுலதான்க்கா போவுது."

"மொத நாளே மூடுனேனே. கொஞ்சம் நின்னுச்சு. காரியஸ்தரு வந்து எடுத்துப் போட்டுட்டாரு. மாடியிலேருந்து பாத்தா நான் முழிச்சிருக்கனா இல்லையான்னு அம்மாவுக்குத் தெரியணுமாம்."

இரண்டு பல்பின் சூடு வெளியே போகும் என்று அத்தனை சுத்தமாகக் கணக்குப் போட்ட செல்லதுரை, அந்தக் குறையில் ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள் என்று போடவில்லை. வெளியூர்க்காரன் விட்டிருந்தால் மன்னிக்கலாம். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த வீட்டுக் கொல்லையில் தன்னைப் பெற்றவள் நெல் புழுக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் அதை விட்டான். கண்ணாடி வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும். காத்தாயிக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"மூடுன ரூம்புல கரிப்புகை ஆளக் கொன்னுரும்க்கா. கதவத் தொறந்து வையி."

"தொறந்தா சூடு போயிரும்ல."

"போனா போவட்டும். முட்ட கெட்டா கெட்டுப் போவட்டும். அது பொரிச்சா உங்க நெலம் போவுது, தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" காத்தாயி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "டார்ச்ச வச்சு ஒண்ணொண்ணா பாத்தேன்டா. உள்ள நரம்பு ஓடுது. சின்னதா ஒண்ணு துடிக்குது. அத எப்படிடா சும்மா விட்டுட்டு வர்றது?"

தான் சொன்ன பொய்யைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்து, அவளை பஸ் ஏற்றிவிட்டான்.

அன்று கடையில் எந்த வேலையும் ஓடவில்லை. மறுநாள் இருட்டு பிரிகிற நேரத்திலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். சம்பா கதிர் சாய்ந்து பனியில் நனைந்து கிடந்தது. குஞ்சு அறைக்கு வெளியே, சுவரில் முதுகைச் சாய்த்து, காத்தாயி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாந்தி. எழுந்திருக்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. உள்ளே கரி செக்கச் செவேலென்று கனன்றது. பெரிய கண்ணாடி முழுவதும் நீர் கோத்து, கோடு கோடாக வழிந்து கீழே தேங்கியிருந்தது. உள்ளே நிற்க வேண்டிய சூடெல்லாம் அங்கே வந்து குளிர்ந்து தண்ணீராகிக் கொண்டிருந்தது.

"அக்கா."

"கதவ சாத்துடா," என்றாள் குழறலாக. "சூடு போவுது."

அவன் கதவைச் சாத்தவில்லை. அடுப்பைத் துணி சுற்றித் தூக்கி வந்து வெளியே வைத்தான். அவளைக் காற்றோட்டமான வரப்புக்கு நடத்திக்கொண்டு போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டான். வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்த வீரையன் பார்த்துவிட்டு ஓடி வந்தார். இருவருமாக அவளை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வீரையன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். செல்லதுரை நேராக அம்மாள் வீட்டுக்குப் போனான்.

மங்களாம்பிகை அம்மாள் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு, காப்பி டம்ளரோடு பின்கட்டில் நின்றிருந்தார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, நான் போட்ட கணக்கு தப்புங்க. சன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி வேணும்."

"நீதானே போதும்னே?"

"ஆமாங்க. தப்பு."

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்குல தப்புற பையன் இல்லையே நீ," என்றார். அதற்கு மேல் துருவவில்லை. புரிந்துகொண்டு விட்டுவிட்டாரா, புரியாமல் விட்டாரா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? அடுப்பு வச்சா சூடு நிக்கிது. காத்தாயிக்கு முடியலைன்னா விடு. கோவிந்தராசு, அடுத்த வீட்டுச் செவ்வந்திய வரச் சொல்லுங்க."

செவ்வந்தி கைக்குழந்தைக்காரி. பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வருவாள்.

"வேணாங்கம்மா," என்றான் செல்லதுரை. "கண்ணாடிய நானே வாங்கிட்டு வந்து போட்டுர்றேன்."

"உன் இஷ்டம். ரூம்ப ரொம்ப நேரம் தொறந்து போட்டுறாத."

மன்னார்குடியில் கண்ணாடி என்றால் அப்துல் ஹமீது கடைதான். படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர். அந்த வருஷங்களில் அவர் கடையில் சாமி படத்தைவிடத் தலைவர்கள் படம்தான் அதிகம். எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஹமீதுக்கு வேலை இருந்தது.

"இம்மாம் பெருசா?" என்று அவர் அளவைப் பார்த்துக் கேட்டார். "யாரு படம் தம்பி?"

"படம் இல்ல பாய். சன்னலுக்கு."

"முழுசா இல்ல. ரெண்டா வெட்டித் தர்றேன், நடுவுல சட்டம் குடுத்துக்க. பாத்துக் கொண்டு போ, மூல தட்டுனா போச்சு."

வைக்கோல் வைத்துக் கட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்தான். உச்சி வெயிலில்தான் வேலையை வைத்துக்கொண்டான். ஈரக்காற்றை உள்ளே அடைத்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். பழைய கண்ணாடியை உலரத் துடைத்து, சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்குத் தேக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் புதுக் கண்ணாடியை நிறுத்தி, ஓரமெல்லாம் காற்றுப் புகாதபடி மக்குப் பசையை அப்பிக்கொண்டே வந்தான். பின்னால் தட்டுத் தட்டாக முட்டைகள். சன்னலுக்கு அந்தப்புறம் ஆறு மா, அறுப்புக்கு நிற்கிற கதிர்.

கீழ் மூலையில் ஓர் இடம் மிச்சம் இருந்தபோது கை நின்றது. அந்த மூலையை விட்டுவிட்டால் போதும். காற்று உள்ளே போய்ப் போய் வரும், சூடு ஒழுகும். யாருக்கும் தெரியாது. நிலம் தப்பலாம். ஆனால் சூடு இறங்கிய மறு விடியலில் குமுட்டி அடுப்பு திரும்ப உள்ளே வரும், அதன் பக்கத்தில் காத்தாயியோ செவ்வந்தியோ வந்து உட்காருவாள். இந்தத் தடவை கணக்கில் அதை விட முடியவில்லை. மக்கை உருட்டி அந்த மூலையையும் அடைத்தான்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தான். உள்கண்ணாடி உலர்ந்திருந்தது. தெர்மாமீட்டர் நூறிலேயே நின்றது. அடுப்பு வாசலில் சாம்பலோடு கிடந்தது. படிப்பு முடிந்து அவன் போட்ட முதல் கணக்கு அச்சாகச் சரியாக வந்திருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

பொங்கலை ஒட்டிக் குஞ்சுகள் பொரித்தன. ஆறு மாவும் அறுத்தாயிற்று. அறுத்த வயலைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. அதை உழுதவன் பேர் அதில் எழுதியிருக்காது. அந்த வாரத்திலேயே அதிகாரி ஜீப்பில் வந்தார். வேலிக் கால் நட்டிருந்த இடத்துக்கு வெளியே வீரையனும் சங்கத்து ஆட்களும் நின்றார்கள். தள்ளி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு செல்லதுரையும் நின்றான்.

அதிகாரி சன்னல் வழியே பார்த்தார். மஞ்சளாகக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குளுந்துல்ல இருக்கு? உள்ள அவ்வளவு சூடுன்னா நம்ப முடியலியே," என்றார்.

"நம்ம வீரையன் மச்சினன் செஞ்சு குடுத்தது," என்றார் அம்மாள். அவருக்கு எப்போதும் போல மெதுவான குரல்தான். ஆனால் வேலி வரைக்கும் கேட்டது. எல்லாத் தலைகளும் செல்லதுரை பக்கம் திரும்பின. வீரையன் தலை மட்டும் திரும்பவில்லை. அதிகாரி ஜீப் பானெட்டில் வைத்து எழுதினார். எழுதி முடிக்கிறவரைக்கும் யாரும் நகரவில்லை.

மத்தியானம் செல்லதுரை அக்கா வீட்டுக்குப் போனான். காத்தாயி சுவர்ப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. அந்தக் கரியடுப்புக்குப் பிறகு இப்படித்தான், எந்த நேரமானாலும் அசந்துவிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வீரையன் வாசற்படியில் உட்கார்ந்து அரிவாளில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இனி எந்த வயலுக்கு என்று அரிவாளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"நீ போட்ட கண்ணாடியாம்ல," என்றார்.

"ஆமா மாமா." அவன் எதிரே குந்தினான். "மொதல்ல நான் பொய் சொன்னேன். ஒத்தக் கண்ணாடி போதும்னு சொன்னேன். முட்டையெல்லாம் கெட்டுப் போயிரும், நெலம் தப்பிச்சிரும்னு பாத்தேன்."

வீரையன் சுரண்டுவதை நிறுத்தினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார் அவர். "கண்ணாடி இல்லாத எடத்துல யாரக் கொண்டாந்து ஒக்கார வைப்பாங்கன்னு நான் சொல்லியிருப்பேன்."

செல்லதுரை அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்து உள்ளே போனான்.

"எழுப்பாத," என்றார் வீரையன். "தூங்கட்டும்."

அந்த வீட்டுச் சன்னலில் கண்ணாடி கிடையாது, கதவும் கிடையாது, சுவரில் விட்ட ஒரு சதுரம்தான். அதன் வழியே வெயில் நேராகக் காத்தாயி முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வீரையன் எழுந்து வந்து, மூலையில் கிடந்த சாக்கை உதறி, சத்தம் போடாமல் அதில் செருகினார்.